ஆலங்குளத்துப் பாட்டு வாத்தியார்கள்

ஆலங்குளம் என்றால் பலருக்கும் தென்காசிப் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வரும். நான் வளர்ந்தது ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கும் இன்னொரு ஆலங்குளம். ‘சிமெண்ட் ஆலை ஆலங்குளம்’ என்று சொன்னால் கண்டக்டருக்குப் புரியும். பருத்தியும் கம்பும் விளைந்த மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடந்தது. அதை நம்பி அரசு அங்கே ஆலை கட்டியது. 1970-இல் உற்பத்தி தொடங்கியது. 1976-இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் அமைந்த பிறகு ஆலை அதன் பொறுப்புக்குப் போனது.

ஆலை வந்ததும் ஊருக்குள் வெளியூர்ப் பேச்சு வந்தது. மதுரைக்காரர்கள், நெல்லைக்காரர்கள், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று பல திசை ஆட்கள் குடியேறினார்கள். எந்த வீட்டில் என்ன பாட்டு கேட்கிறது என்பதை வைத்தே அந்தக் குடும்பம் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ஒரு வீட்டில் விடியற்காலையில் சுப்ரபாதம், அடுத்த வீட்டில் குடும்ப ஜெபத்துக்குக் கீர்த்தனை, அதற்கடுத்த வீட்டில் திருநெல்வேலி வானொலி.

எண்பதுகளின் நடுவில் பெற்றோர் சிலர் சேர்ந்து கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சாயங்கால இசை வகுப்பு ஆரம்பித்தார்கள். நீளமான ஒரே அறை, அஸ்பெஸ்டாஸ் கூரை. அந்தத் தகடும் எங்கள் ஊரிலேயே தயாரானதுதான். மழை பெய்தால் பாடுவது யாருக்கும் கேட்காது. சுருதிப்பெட்டியை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் போடச் சொல்வார்கள். பெயர்ப்பலகை கிடையாது. ‘பாட்டுப் பள்ளி’ என்றால் ஊருக்கே தெரியும்.

அங்கே கற்பித்தவர்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நான் அங்கே கற்ற வர்ணங்களில் பாதி மறந்துவிட்டது. ஆனால் அந்த அறைக்குள் ஒவ்வொருவரும் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பது மறக்கவில்லை. தென்தமிழ்நாட்டின் இருநூறு வருஷத்து இசை வரலாறு ஒரு வாடகை அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அப்போது எங்களுக்கு அது தெரியாது. பெரியவர்களுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பாட்டு டீச்சர் மதுரைக்காரர். சௌராஷ்டிரக் குடும்பம், அப்பா பட்டுநூல் சாயம் போடுகிறவர். கணவருக்கு ஆலையில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, டி.டி.சி. எனும் ஆசிரியர் பயிற்சியும் எடுத்தவர். வகுப்பில் கையெழுத்தும் முத்திரையுமாகச் சான்றிதழ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் பெற்றோருக்கு அவர்மேல் தனி மரியாதை. அவருடைய உண்மையான படிப்பு வேறு இடத்தில் இருந்தது. தியாகராஜரின் நேர்ச் சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் சௌராஷ்டிரர். அவர் வழியில் பாதுகாக்கப்பட்ட கீர்த்தனைச் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் பிற்பாடு மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. டீச்சர் சிறுமியாக இருந்தபோது, தெருவில் பஜனை நடக்கும் மார்கழி நாட்களில், வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பாகவதரைத் தங்கள் தாத்தாவைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்களாம். டி.எம். சௌந்தரராஜன் பிறந்து வளர்ந்ததும் அதே மதுரைச் சமூகத்தில்தான். ‘தறி ஓட்டுறவங்க வீட்டுல தாளம் தானா வரும் பிள்ளைகளா’ என்பார். நெசவாளர் வீடுகளில் போய் நின்று கேட்டவர்களுக்கு அது மிகை இல்லை என்று தெரியும்.

மார்கழியில் திருப்பாவை முப்பதையும், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகளில் சொல்லிக்கொடுத்தார். பிறகு எங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை. உயரமான கூம்புத் தொப்பி, கையில் தாளம், பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்கிற அந்த ஒருவரைப் பார்த்துவிட்டு எங்களில் ஒருத்தி, ‘இவங்க ஹையர் பாஸ் பண்ணவங்களா டீச்சர்?’ என்று கேட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. ‘அவங்க வீட்டுல அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்து வர்றது. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, இந்த ஊர்னு விரல் விட்டு எண்ணுற இடத்துலதான் இது மிச்சமிருக்கு’ என்றார். அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் எங்களோடு அதிகம் பேசவில்லை. பாசுரத்தை அரையர் இழுத்த விதத்தில் தனக்குத்தானே முனகிக்கொண்டு வந்தார்.

வயலின் சார் ஆலையின் கணக்குப் பிரிவில் இருந்தார். பாளையங்கோட்டைப் பக்கம் பூர்வீகம். தாத்தா உபதேசியார், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வட்டாரத்தில் திருச்சபை வேரூன்றியது மிஷனரி ரேக்லண்ட் ஐயர் காலத்தில். 1854-இல் வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனவர் அவர். 1858-இல் சிவகாசியிலேயே காலமானார். அந்தச் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. இங்கிலாந்து, ஜெர்மனி மெட்டுகளில் பாடும் ஞானப்பாட்டு ஒன்று. தோடி, ஆனந்தபைரவி என்று நம் ராகங்களில் அமைந்த கீர்த்தனை இன்னொன்று. இரண்டாவதற்குப் பெரிய மூலவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜியோடு ஒன்றாகப் படித்தவர். வயலின் சார் இரண்டு பாட்டிலும் ஊறியவர். பாடகர் குழுவில் நின்றுகொண்டு, வயலினைத் தாடைக்குக் கீழே வைத்து, ஐந்து கோட்டு நொட்டேஷனைப் பார்த்து வாசிக்கக் கற்றவர்.

எங்களுக்குக் கர்நாடக முறையில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று கூட்ட வேண்டும். மேற்கத்திய முறையில் நான்கு தந்திக்கும் நான்கு வேறு சுரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்தாம் சுர இடைவெளி. அவர் இரண்டையும் காட்டுவார். முதலில் எழுந்து நின்று தாடையில் வைத்து நேர்கோடாக ஒரு சுரம். பிறகு உட்கார்ந்து அதே சுரத்தை விரலால் இழுத்து அசைத்து ஒரு சுரம். ‘அங்கே விரல் நிக்கும், வில் பேசும். இங்கே விரல்தான் பேசும்’ என்பார். எந்தப் பாடநூலும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

‘இது வெள்ளைக்காரன் வாத்தியம்தானே’ என்று யாராவது பெற்றோர் சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. உடனே எட்டயபுரத்துக்குப் போய்விடுவார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குப் பழக்கினார். பிறகு எட்டயபுரம் அரண்மனை வித்துவானானார். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் உயிர் நீத்ததும் எட்டயபுரத்தில்தான். ‘நம்ம கோவில்பட்டிக்கு அந்தாண்ட’ என்று ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி சொல்வார். அவர் குரல் இன்னும் உயர்வது சின்னசாமி முதலியார் பெயர் வரும்போது. கிறிஸ்தவரான அந்த முதலியார்தான் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் பதிப்பிக்க முனைந்து கையிலிருந்த பணத்தைக் கரைத்தவர். தீட்சிதர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதரை, குடும்பச் சொத்தான கீர்த்தனைகளை உலகுக்குக் கொடுக்கும்படி தூண்டியவர். அதன் பலன்தான் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டதையும் அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். இசை யாருடையது என்று கேட்கிறவர்களுக்கு அவர் வாதம் செய்ததில்லை. இந்தப் பெயர்களைச் சொல்வார், அவ்வளவுதான்.

நாதஸ்வரத் தாத்தாவைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மகனுக்கு ஆலையில் வேலை. அந்த ஒரே காரணத்துக்காக நெல்லைப் பக்கத்துக் கோயில் ஒன்றை விட்டுவிட்டு இங்கே வந்தவர். பரம்பரையாக அந்தச் சந்நிதியில் வாசித்த குடும்பம். கோயிலில் கிடைத்தது படி நெல்லும் சொற்பக் காசும். முகூர்த்த மாதங்களில் கல்யாணம் வந்தால்தான் அடுப்பு நிதானமாக எரியும் என்பார். எங்கள் வகுப்பில் நாதஸ்வரம் கற்க வந்த பையன்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆனாலும் அவர் தினமும் வருவார். வந்ததும் ஒரு துணியை விரித்து, கருவியை வைத்து, அதன் கழுத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். காவிரிக்கரை நாணலில் செய்தது. திருவாவடுதுறையில் செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டு வாங்குவார். நாணலைப் பதப்படுத்தி, வேகவைத்து, காயவைத்து, இரண்டு இதழாக நறுக்கிக் கட்டுகிற அந்தச் சின்னப் பொருளை வாயில் வைத்து உமிழ்நீரில் ஊறவைப்பார். ஊறும்வரை பேச மாட்டார். பிறகு சீவாளியை மட்டும் தனியாக ஊதிப் பார்ப்பார். இதழ் அதிகம் விரிந்திருந்தால் விரலால் மெல்ல அழுத்துவார். ஒட்டிக்கொண்டால் அதோடு தொங்கும் ஊசியால் திறப்பார். நாங்கள் பாடத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்போம். அவரும் மறைத்ததில்லை. ‘பாருங்க தாயி, இது சரியா இல்லேன்னா ராகம் எவ்வளவு தெரிஞ்சும் புண்ணியமில்லே’ என்பார். பெரிய பாரி நாதஸ்வரத்தை டி.என். ராஜரத்தினம் பிள்ளை நிலைநிறுத்திய கதையை, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவருக்குக் கடவுள் காருகுறிச்சி அருணாசலம். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் போய்ச் சேர்ந்தவர். ஊரெல்லாம் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியோடு அவர் வாசித்ததைத்தான் சொல்லும். தாத்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். கல்யாண ஊர்வலங்களில் நடந்தபடியே அவர் வாசித்த ராக ஆலாபனைகளைச் சொல்வார். சம்சாரிகள் மாட்டு வண்டி கட்டி வந்து விடிய விடிய நின்று கேட்டதைச் சொல்வார். அவர்களுக்கு ராகத்தின் பெயர் தெரியாது. எங்கே தலையாட்ட வேண்டும் என்று தெரியும். விளாத்திகுளம் சுவாமிகளைப் பற்றியும் அப்படித்தான். காடல்குடி ஜமீன் வழி வந்தவர், முறையாக ஒரு குருவின் காலடியில் உட்காராமல் கேள்வி ஞானத்தால் கரகரப்பிரியாவை ஆண்டவர் என்று இந்தக் கரிசல் பக்கம் முழுக்கச் சொல்வார்கள். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவலும் இதே பக்கம்தான். இருவருக்கும் அந்த இசைப் பித்து எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடிப்போக வேண்டியதில்லை.

ஒரு பெண் நாதஸ்வரம் கற்க ஆசைப்பட்டாள். வீட்டில் கூடாது என்றார்கள். மூச்சுக்கு ஆகாது, பார்க்க நன்றாக இருக்காது என்று காரணங்கள். தாத்தா அந்த வீட்டுக்கே போய், ‘மதுரை பொன்னுத்தாய் வாசிக்கலையா’ என்று கேட்டுவிட்டு வந்தார். அந்தப் பெண் கற்கவில்லை. ஆனால் அப்படி ஒருவர் வாசற்படி ஏறிக் கேட்டார் என்பதை அவள் இன்றும் சொல்கிறாள்.

வயலின் சாரும் தாத்தாவும் சேர்ந்ததுதான் அந்தப் பள்ளியில் நான் கண்ட பெரிய விஷயம். சாருக்குச் சுர சுத்தம் அபாரம். கமகம் மட்டும் முழுதாகப் பிடிபடவில்லை. தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அவர் அதை நிறுத்திவிடுவார். ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகு, பாயைச் சுருட்டாமல், தாத்தாவின் முன்னால் போய் உட்கார்ந்தார். ‘எனக்கு இந்த ஒரு இடத்தைக் காட்டுங்க ஐயா.’ தாத்தா கருவியை எடுக்கவில்லை, வாயால் பாடினார். ‘வாய்ல வராதது குழல்ல வராது சார். வில்லுலயும் வராது.’ சார் பாடினார். சபைப் பாட்டு ஊறிய தொண்டையில் அசைவு வரவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நாங்கள் சிலர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். பதிலுக்கு சார் தாத்தாவின் மல்லாரிகளை ஐந்து கோட்டில் எழுதிவைத்தார். எழுதிய தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இது எல்லாம் நான் வாசிச்சதா?’ என்று தாத்தா கேட்டபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த வித்துவான் முகத்திலும் கண்டதில்லை. சபை வழி வந்தவர், சந்நிதி வழி வந்தவர் என்ற பேச்சே அங்கே எழவில்லை. ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை, இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது.

ஹார்மோனிய மாமா ஸ்பெஷல் நாடகத்திலிருந்து வந்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் மனப்பாடம். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடியும்வரை பெட்டியை விட்டு எழாமல், ராஜபார்ட் எந்தச் சுருதியில் எடுத்தாலும் பின்னாலேயே போகிற விரல்கள். 1940-இலிருந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவில் இழைய முடியாத கருவி என்பது குற்றச்சாட்டு. எங்கள் பெற்றோரில் சிலரும் அதையே சொல்லி அவரை இரண்டாம் பட்சமாக நடத்தினார்கள். நாடகக்காரர் என்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால் கூச்சப்படுகிற பிள்ளையைக் கூட்டத்துக்கு முன்னால் வாய் திறந்து பாட வைக்கும் வித்தை அந்த நால்வரில் அவர் ஒருவருக்கே தெரியும். சொல்லைக் கடித்துத் துப்பாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சரிக்க வேண்டும் என்று நான் கற்றது அவரிடம்தான், எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாமல் பாடிய காலத்துப் பாடம் அது.

ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். அவரை யாரும் வாத்தியார் என்று சொன்னதில்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்தவர். கோயில் கொடைகளில் உறுமி வாசிப்பார். இங்கே கம்பளத்து நாயக்கர் கிராமங்களில் தேவராட்டம் ஆடுவது உறுமியின் சொல்லுக்குத்தான். அடி மாறினால் கால் மாறும். ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறும வைத்து, மறுபக்கத்தை இன்னொரு குச்சியால் அடித்து அவர் வாசிப்பதைக் கொடையில் கேட்டிருக்கிறேன். மகள் எங்களோடு பாட்டு கற்றாள். வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக வருவார். எதிரே வேப்ப மரத்தடியில் நிற்பார். உள்ளே நாங்கள் அலங்காரம் பாடிக்கொண்டிருக்கையில் தாளம் நழுவினால் மரத்தடியிலிருந்து அவர் விரல் சரியான இடத்தில் தொடையில் விழும். முதலில் அதைக் கவனித்தவர் ஹார்மோனிய மாமா. மிருதங்கத்துக்கு ஆள் கிடைக்காமல் நாங்கள் கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்த காலம். ‘உள்ள வந்து பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லுங்க’ என்று மாமா கூப்பிட்டார். வயலின் சாரும் போய்க் கூப்பிட்டார். நடத்துகிறவர்களில் சிலருக்கு அது ஒப்பவில்லை. காரணத்தை அவர்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. சாவுக்கு வாசிக்கிற கை என்று ஒருவர் சொன்னதாக வீட்டில் அம்மா சொன்னாள். அவர் கடைசிவரை உள்ளே வரவில்லை. யார் கற்பிக்கலாம் என்பதை அவருக்கு என்ன தெரியும் என்று பார்க்காமல் எங்கே பிறந்தார் என்று பார்த்து முடிவு செய்ததுதான் அந்தப் பள்ளியில் நடந்த ஒரே அநியாயம். அதை மழுப்பி எழுத எனக்கு மனமில்லை. நாங்கள் ஒழுங்காக லயம் கற்காமல் போனதற்கும் அதுவே காரணம்.

சில வருஷங்களில் பள்ளி நின்றுபோனது. பணி மாற்றம், ஓய்வு என்று ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

உறுமிக்காரரின் மகள் படித்தாள். லோயர், ஹையர், டி.டி.சி. என்று பாட்டு டீச்சர் போன அதே வழி. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என்று. வாரத்துக்கு மூன்று அரை நாள், அப்போது மாதம் ஐயாயிரம் ரூபாய். அதில் அவளும் ஒருத்தி. அந்தச் சம்பளத்தில் ஓர் இசை ஆசிரியரை வைத்துக்கொண்டு பள்ளியில் கலை வளர்க்கிறோம் என்று சொல்வதற்கு எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் போராடிய செய்தி வரும்போதெல்லாம் கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடுவேன்.

வேலைக்குப் போன முதல் வருஷமே அவள் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டிருக்கிறாள்: உங்கள் வீட்டில் யார் என்ன வாசிப்பார்கள், யார் என்ன பாடுவார்கள்? கைகள் உயர்ந்தன. ஒரு பையனின் தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர். ஒருத்தியின் அத்தை சபையில் கீர்த்தனை எடுத்துக் கொடுக்கிறவர். இன்னொருவன் வீட்டில் பம்பை. ஒரு பிள்ளையின் ஆச்சி நடவுப் பாட்டுக்காரி. வாரம் ஒருவராக வகுப்புக்கு அழைத்தாள். தலைமையாசிரியை மறுப்புச் சொல்லவில்லை. நான் ஒருமுறை போயிருந்தேன். அன்றைக்கு வந்திருந்தவர் அவளுடைய அப்பா. வயதாகிவிட்டது, சுரங்கத் தூசியில் இருமல். உறுமியை வெயிலில் காயவைத்துவிட்டு, தோல் இறுகுகிற நேரத்தில் பிள்ளைகளைக் குச்சியைத் தொடவிடாமல் முதலில் வாயால் சொல் சொல்ல வைத்தார். தப்பாகச் சொன்ன பையனைத் தனியே நிறுத்தி, அவன் காலைத் தட்டித் தட்டி மறுபடி சொல்ல வைத்தார். அவனுக்குச் சரியாக வந்ததும் அடுத்த அடிக்குப் போனார். ‘டீச்சர், இவங்களையே அடுத்த வாரமும் வரச் சொல்லுங்க’ என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. அவள் கரும்பலகையில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை எழுதி, அப்பா சொன்ன சொற்கட்டை அதன் கீழே கட்டம் கட்டமாக எழுத ஆரம்பித்தாள்.